குழல் இழை உண்மையிலேயே குழல்தானா?

மின்நூற்பில் (உயர் மின்னழுத்தத்தால் கரைசலை ஊசி முனையிலிருந்து மெல்லிய நூலாக இழுக்கும் முறை) உள்ளீடற்ற பீங்கான் இழை செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மின்னழுத்தத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். குழல் கெடுவதோ ஊசி முனையிலும் உலையிலும்தான். விபத்துகளுக்கு இடம் தருவதும் அவையே.

2004-ல் ஆய்வாளர்கள் டான் லீ, யூனான் ஷியா இருவரும் காட்டிய வழி இன்றும் பழகுவதற்கு ஏற்றது: ஊசிக்குள் ஊசி. வெளி ஊசியில் டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) தரும் எத்தனால் கரைசல், உள் ஊசியில் கெட்டியான கனிம எண்ணெய். எத்தனாலும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்காதவை. குழலே அந்தக் கலக்காமையில்தான் பிறக்கிறது. உள்ளே எத்தனாலில் கரையும் ஒன்றை வைத்தால், இரண்டும் ஊறிப்போய் சாதாரணத் திட இழையே கிடைக்கும்.

வெளி ஊசியில் ஓடும் உறைக் கரைசலுக்கு 1.5 கிராம் டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடை 3 மி.லி. அசிட்டிக் அமிலம், 3 மி.லி. எத்தனாலோடு கலந்து பத்து நிமிடம் விடுங்கள். பிறகு 0.45 கிராம் பி.வி.பி. (பாலிவினைல்பிரோலிடோன் என்ற பாலிமர்) கரைத்த 7.5 மி.லி. எத்தனாலில் ஊற்றி ஒரு மணி நேரம் கலக்குங்கள். பி.வி.பி.யின் மூலக்கூறு எடை 13 லட்சம் அளவில் இருக்க வேண்டும். 40 ஆயிரம் வகையை இதே அளவு போட்டால் நூல் ஓடாது, துளிதான் தெறிக்கும். அமிலத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். காற்றின் ஈரம் பட்டதும் டைட்டானியம் சேர்மம் வெள்ளையாகத் திரிவதைத் தள்ளிப்போடுவது அதுதான்.

உறைக்கு மணிக்கு 0.6 மி.லி., எண்ணெய்க்கு 0.1 மி.லி., 12 கிலோவோல்ட், நூல் வந்து படியும் சேகரிப்பான் 10 செ.மீ. தூரத்தில் எனத் தொடங்கலாம். உருப்பெருக்கியால் ஊசி முனையைப் பாருங்கள். தெளிந்த கரைசல் கூம்புக்குள் சின்ன எண்ணெய்க் கூம்பு நடுவில் நிற்க வேண்டும். அது ஒரு பக்கம் ஒதுங்கினால் சுவர் அந்தப் பக்கம் மெலியும், சூட்டில் அங்கேதான் வெடிக்கும். எண்ணெய் ஓட்டம் மிகுந்தால் உறையைக் கிழித்துக்கொண்டு சொட்டும். குறைந்தால் அறுந்து அறுந்து ஓடி, அங்கங்கே அடைத்த இழை வரும். முனையில் வெள்ளை ஆடை படிகிறது என்றால் அறையில் ஈரப்பதம் அதிகம்.

அந்த ஆடையைத் துடைக்கும் முன் மின்வழங்கியை அணைத்தால் மட்டும் போதாது. அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும்; தரையிணைத்த கம்பியால் ஊசியைத் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எத்தனால் ஆவி சுமார் 13 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கத் தயாராகிவிடும். மூடிய பெட்டிக்குள் ஆவி தேங்கவும் கூடாது, நூலைக் கலைக்கும் அளவுக்குக் காற்று வீசவும் கூடாது.

சேகரிப்பானில் படிந்த இழைப்பாயை ஆக்டேனில் இரவு முழுக்க ஊறவைத்தால் எண்ணெய் வெளியேறும். ஆக்டேனும் எத்தனாலைப் போலவே எளிதில் பற்றும். ஈரப்பாயை உலையில் வைப்பது வெடியை வைப்பது போல. ஃபியூம் ஹூட்டில் (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டு) முழுக்க உலர்த்துங்கள்.

உலையில் அவசரம் ஆகாது. நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 500 டிகிரி வரை ஏற்றி, காற்றோட்டத்தில் ஓரிரு மணி நேரம் வையுங்கள். பி.வி.பி. பெரும்பாலும் 300-லிருந்து 450 டிகிரிக்குள் எரிந்து வாயுவாகும்; வேகமாக ஏற்றினால் அந்த வாயு சுவரைப் பிளக்கும். வெப்பத்தை மிகவும் கூட்டினால் பீங்கானின் படிக மணிகள் பெருத்து இழை தொட்டாலே நொறுங்கும்.

சோதிக்கும்போது பக்கவாட்டுப் படத்தை நம்பாதீர்கள். அமுங்கித் தட்டையான இழையும் அதில் நன்றாகவே தெரியும். திரவ நைட்ரஜனில் முறித்து, வெட்டுமுகத்தை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால்தான் துளை வட்டமா, சுவர் சீரா என்பது தெரியும்.

இப்படி முறிக்கும்போது பறக்கிற துணுக்குகள்தான் எனக்கு அதிகக் கவலை தருபவை. 3 மைக்ரானுக்கும் குறைந்த தடிமன், 5 மைக்ரானுக்கு மேல் நீளம், தடிமனைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீளம் உள்ளவற்றைச் சுவாசிக்கத்தக்க இழைகளாக உலக சுகாதார அமைப்பு எண்ணுகிறது. உடைந்த பீங்கான் குழல்கள் அந்த அளவுக்குள் எளிதில் வந்துவிடும். சுவாசத்தில் செல்லும் டைட்டானியம் டை ஆக்சைடை ஐ.ஏ.ஆர்.சி. (அந்த அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை) மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. சுட்ட பாயை ஃபியூம் ஹூட்டுக்குள்ளேயே கையாளுங்கள். என்95 முகக்கவசம், கையுறை அவசியம். மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பமோ அழுத்தக் காற்றோ வேண்டாம். துடைத்த துணியை உலரவிடாமல் பையில் கட்டி வையுங்கள்.