அடைப்பின் சதவீதமும் ரத்த ஓட்டத்தின் அளவும்

ஆஞ்சியோகிராம் அறிக்கையில் ‘70 சதவீத அடைப்பு’ என்று கண்டவுடன், ஸ்டென்ட் எப்போது வைப்பீர்கள் என்றுதான் பெரும்பாலானோர் என்னிடம் கேட்கிறார்கள். அந்தச் சதவீதம் மருத்துவர் படத்தைப் பார்த்துக் கண்ணால் மதிப்பிட்டது. தமனி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை அது காட்டுமே தவிர, அதற்கு அப்பாலுள்ள இதயத் தசைக்கு வேண்டிய ரத்தம் போய்ச் சேர்கிறதா என்பதைக் காட்டாது. 2009இல் வெளிவந்த ஃபேம் ஆய்வில் பதிவான அடைப்புகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, 50 முதல் 70 சதவீதம் என மதிப்பிடப்பட்டவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் ஓட்டத்தைக் கணிசமாகத் தடுத்திருந்தது.

அந்தத் தடையை அளக்க நீண்ட காலமாகப் பயன்படுவது எஃப்.எஃப்.ஆர். (ஃபிராக்‌ஷனல் ஃப்ளோ ரிசர்வ்) என்னும் அழுத்த விகிதம். நுனியருகே அழுத்த உணரி பொருத்திய மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, அடினோசின் மருந்தால் இதயத்தின் நுண்குழாய்களை முழுமையாக விரியச் செய்து, அடைப்புக்குப் பின்னுள்ள அழுத்தத்தைப் பெருந்தமனியின் அழுத்தத்தால் வகுக்கிறோம். விடை 0.80 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அடைப்பு பொருட்படுத்தத்தக்கது. மருந்து ஏறும் சில நிமிடங்களுக்கு நெஞ்சு இறுக்கமும் மூச்சுத் திணறலும் வரலாம் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை.

ஐ.எஃப்.ஆர். (இன்ஸ்டன்டேனியஸ் வேவ்-ஃப்ரீ ரேஷியோ) என்ற இன்னொரு முறைக்கும் அதே போன்ற கம்பிதான். ஆனால் அடினோசின் வேண்டாம். இதயம் விரியும் கட்டத்தில், நுண்குழாய்களின் எதிர்ப்பு இயல்பாகவே குறைவாகவும் சீராகவும் இருக்கும் சிறு இடைவெளியில் இது அளக்கிறது; இங்கே 0.89 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அடைப்பு பொருட்படுத்தத்தக்கது. 2017இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில், ஓராண்டு முடிவில் இது எஃப்.எஃப்.ஆருக்குக் குறைந்ததாக இல்லை. ஒரே தமனியில் அடுத்தடுத்துப் பல அடைப்புகள் இருக்கும்போது, கம்பியை மெல்லப் பின்னிழுத்து எந்த இடத்தில் அழுத்தம் சரிகிறது என்று பார்க்க இதுவே எளிது என்பது என் அனுபவம். எனினும், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இரு முறைகளும் மாறுபட்ட விடை தருகின்றன. பெரும்பகுதி இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் தமனியில், எல்லையை ஒட்டிய ஐ.எஃப்.ஆர். எண் வந்தால், நான் அடினோசின் கொடுத்து மீண்டும் அளக்கிறேன்.

எந்த முறையானாலும் உணரி பிசகக்கூடும். ஒருமுறை எஃப்.எஃப்.ஆர். 0.78 என்று வந்தது, ஸ்டென்டுக்கு ஆயத்தமானோம். கம்பி நுழையும் வழிகாட்டிக் குழாயின் நுனிவரை, அதாவது அடைப்புக்கு முன்னால் வரை, அதைப் பின்னிழுத்துச் சரிபார்த்தபோது, இரு அழுத்தங்களும் சமமாகி 1.00 இருக்க வேண்டிய அளவு 0.95 என்று நின்றது. இரு அழுத்தங்களையும் சமன்செய்து மறுபடி அளந்தோம்: 0.84. அந்த நோயாளிக்கு ஸ்டென்ட் வைக்கவில்லை, மருந்துகளைத் தொடர்ந்தோம்.