வலை தொங்குனா வலையைத் திட்டாதீங்க, முனைக்காலைப் புடிச்சு ஆட்டிப் பாருங்க

போன வாரமும் அதே போன். "அண்ணே வேலி போட்டு மூணு மாசம்தான் ஆச்சு, வலை வயிறு தள்ளி நிக்குது, ஒரு தடவை வந்து இழுத்து விட்டுட்டுப் போயிடுங்களேன்." இந்த வருசத்துல எத்தனாவது போன்னு எண்றதையே விட்டுட்டேன். எல்லாருக்கும் ஒரே நினைப்பு, வலைங்கிறது ஏதோ பேண்ட் நாடா மாதிரி, லூசானா வந்து இன்னொரு முடிச்சு போட்டா சரியாப் போயிடும்னு. போய்ப் பார்த்தேன். வலையைத் தொடவே இல்ல, நேரா முனையில இருந்த காலைப் புடிச்சு ஒரு கையால ஆட்டினேன், விழப்போற பல்லு மாதிரி ஆடுது. காலைச் சாயாம தாங்குற சாய்வு முட்டுக்கால் கிடையாது. குழி ஒரு அடிகூட இருக்காது. கான்கிரீட் போட்ட ரெண்டாம் நாளே வண்டியில கயிறு கட்டி வலையை இழுத்திருக்காங்க. இதுல நான் வந்து எதை இழுக்கறது? இழுத்தா கால்தான் கூட வரும்.

செயின் லிங்க் வேலி, அதான் கம்பியைப் பின்னுன வலை வேலி, போடுறது என் தொழில், பதினெட்டு வருசமா இதுதான். நான் பார்த்த தொங்குற வேலியில முக்காவாசி வலை மட்டமா இருந்ததால தொங்கல. அதனால சொந்தமா வேலி போடுறவங்களும், ஆள் வெச்சுப் போடுறவங்களும் ஒரு தடவை இதைப் படிச்சுட்டு அப்புறம் குழி தோண்டுங்க.

எனக்கு ரொம்ப எரிச்சல் தர்ற விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். "ஒவ்வொரு காலுக்கும் கையால நல்லா இழுத்து, கட்டுக்கம்பி போட்டு முறுக்கி, அடுத்த காலுக்குப் போயிட்டா ஆச்சு, அதுக்கு எதுக்கு புல்லர், பட்டை, அது இதுன்னு செலவு." இது தப்பு. பெரிய தப்பு. (புல்லர்னா வலையை ஒரு பல் ஒரு பல்லா இழுக்கற கைக்கருவி, பட்டைன்னா வலை முனையில நுழைக்கிற நீளமான இரும்புப் பட்டை.) வலையை இழுத்துப் புடிச்சு வெச்சிருக்கிறது ரெண்டு முனையில நிக்கிற கால்கள் மட்டும்தான். நடுவுல நிக்கிற கால்களோட வேலை வலை முன்னபின்ன சாயாம நிமிந்து நிக்க வைக்கிறது, அவ்வளவுதான். துணி காயப்போடுற கொடியை யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஆணியில விறைப்பா இழுத்துக் கட்டிட்டு நடுவுல ஒரு கவைக்குச்சி முட்டுக் குடுப்போம். கொடியை விறைப்பா வெச்சிருக்கறது அந்தக் குச்சியா? ஆணிதானே. ஆணி ஆடுச்சுன்னா நடுவுல பத்து குச்சி வெச்சாலும் துணி தரையிலதான் கிடக்கும்.

கையால இழுத்து இழுத்துக் கட்டுனா என்ன ஆகும்னா, ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு இழுப்பு இருக்கும், காலையில கட்டுனது விறைப்பா, சாயங்காலம் கை ஓஞ்சு கட்டுனது தொளதொளன்னு. அப்புறம் கட்டுக்கம்பி மெல்லிசு, மெதுவானது, இழுப்பைத் தாங்கறதுக்குன்னு செஞ்சதே இல்ல அது. ஒரு மாடு வந்து முதுகு தேய்ச்சா, முனையில இருந்து முனைக்கு இழுத்த வேலியா இருந்தா அந்த பாரத்தை அத்தனை தூரமும் பங்கு போட்டுக்கும், மாடு நகர்ந்ததும் வலை பழையபடி நிமிந்துக்கும். கட்டிக்கட்டிப் போன வேலியில அந்த ஒரு பத்தடி மட்டும் தனியா வாங்கிக்கும், வயிறு தள்ளும், அப்படியே நின்னுடும். "மாடு இடிச்சுடுச்சு அண்ணே"ன்னு சொல்வாங்க. மாடு என்னங்க பண்ணுச்சு பாவம்.

சரி, முனைக்கால். முனை, மூலை, கேட் கால், இது மூணும் நடுக்காலை விடத் தடிமனா, ஆழமா இருக்கணும். காலோட மொத்த நீளத்துல மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள போகணும்னு வெச்சுக்கங்க. ஆறடி வேலின்னா ஒன்பதடி கால் வாங்குங்க, எட்டடி கால் வாங்கிட்டு ஒரு அடி மிச்சம்னு சிரிக்காதீங்க. நடுக்கால் பத்தடிக்கு மேல தள்ளி வைக்காதீங்க. நேர்கோடே நூறடிக்கு மேல போகுதுன்னா நடுவுலயும் ஒரு தடிமனான காலை முட்டோட நிறுத்தி அங்க ஒரு தடவை முடிச்சுட்டு மறுபடி ஆரம்பிங்க, முன்னூறு அடியை ஒரே இழுப்புல இழுக்கறது வீரம் இல்ல.

முட்டுக்கால் வைக்கிறவங்கள்லயும் பாதிப்பேர் தப்பான பக்கம் வைக்கிறாங்க. வலை முனைக்காலைத் தன் பக்கமா இழுக்கும். அதனால முட்டு வலை இருக்கிற பக்கம், வேலிக் கோட்டோட நேர்ல, சாய்ஞ்சு வர்ற காலை எதிர்த்துத் தள்ற மாதிரி நிக்கணும். வெளிப்பக்கமா வெச்சீங்கன்னா கால் உள்ள சாயறப்ப முட்டும் கூடவே கிளம்பி வந்துடும், பார்க்க அழகா இருக்கும், வேலைக்கு ஆகாது. மூலைக்காலுக்கு ரெண்டு பக்கமும் இழுப்பு, அப்ப முட்டும் ரெண்டு, ஒவ்வொரு வலையோட கோட்டுலயும் ஒண்ணு. நடுவுல குறுக்கா ஒண்ணை சாய்ச்சு வெச்சு ரெண்டுக்கும் சேர்த்துன்னு சொல்ற ஆளை நம்பாதீங்க, ஒரு பக்கம் இழுத்து முடிச்சு அடுத்த பக்கம் ஆரம்பிக்கறதுக்குள்ளயே கால் திரும்பி நிக்கும். முட்டோட அடியிலயும் கான்கிரீட் வேணும். வெறும் மண்ணுல ஊன்றிட்டா முதல் மழையில மண்ணு இளகி அமுங்கிடும். அதே மாதிரி மூலைக்காலைச் சுத்தி வலையை வளைச்சுட்டு அப்படியே அடுத்த பக்கம் ஓடாதீங்க, மூலையில வலையை முடிக்கணும், புதுசா ஆரம்பிக்கணும்.

அப்புறம் கான்கிரீட். தயவு செஞ்சு பொறுங்க. மேல காஞ்சு வெள்ளையா தெரிஞ்சா இறுகிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ஒரு வாரம் தண்ணி காட்டி விடுங்க, அதுக்கு அப்புறம் இழுங்க. முழு பலம் வர 28 நாள் கணக்கு, அவ்வளவு நாள் யாரும் நிக்க மாட்டீங்கன்னு எனக்கும் தெரியும், ஒரு வாரமாவது. கூலியாள் நாளைக்கு வேற வேலைக்குப் போயிடுவான்னு ரெண்டாம் நாளே இழுக்கற வேலிதான் மூணு மாசத்துல எனக்குப் போன் போட வைக்குது. ஊத்துறப்ப கான்கிரீட் மேல்பக்கத்தை காலைச் சுத்தி லேசா மேடாக்கி வழிச்சு விடுங்க, தண்ணி தேங்குனா இரும்புக்கால் துருப்பிடிக்க ஆரம்பிக்கிறதே மண்ணு மட்டத்துலதான். பைப் காலா இருந்தா தலைக்கு மூடி.

இழுக்கற வேலைக்கு வருவோம். முதல்ல மேலயும் கீழயும் லைன் கம்பி, அதாவது காலுக்குக் கால் நீளவாக்குல ஓடுற கம்பி, உயரமான வேலின்னா நடுவுலயும் ஒண்ணு, டர்ன்பக்கிள் (திருகினா கம்பியை இறுக்குற திருகு) போட்டு விறைப்பா இழுத்துடணும். இதை விட்டுட்டு வலையை மட்டும் போட்டா அடியில நாய் தலையை நுழைச்சு நாலு நாள்ல வழி பண்ணிடும். அப்புறம் வலையோட ஒரு முனையில, மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாக் கண்ணுலயும் நுழையற மாதிரி ஒரு பட்டையை விட்டு, அந்தப் பட்டையைக் கிளாம்பு போட்டு முனைக்காலோட சேர்க்கணும், அடிக்கு ஒரு கிளாம்பு. வலையை நிறுத்தி வெச்சு உருட்டி விரிச்சுட்டே போங்க, விழாம இருக்க மட்டும் மேல அங்கங்க லூசா ஒரு கட்டு. லூசா. இப்பவே முறுக்கிட்டீங்கன்னா வலை நகராது, நீங்க இழுக்கறது கடைசி பத்தடியை மட்டும்தான்.

அடுத்த முனைக்கு ஒரு மூணடி முன்னாடி இன்னொரு பட்டையைத் தற்காலிகமா வலைக்குள்ள விட்டு, அதை புல்லர்ல மாட்டி இழுங்க. ஒரே ஒரு கண்ணுல கொக்கியை மாட்டி இழுக்கறதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும், அந்த ஒரு வரிசை மட்டும் கூர்மையா வரும், மேலயும் கீழயும் அப்படியே தூங்கும். அஞ்சடிக்கு மேல உயரம்னா மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு புல்லர், மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா. நடுநடுவே நடந்து போய் வலையைக் கையால தட்டி உலுக்கி விடுங்க, எங்கயாவது லைன் கம்பியிலயோ கட்டுலயோ மாட்டி நின்னிருக்கும்.

எவ்வளவு இழுக்கணும்? இதுலதான் அடுத்த மூடநம்பிக்கை, இழுக்க இழுக்க நல்லதாம். நீங்க இழுக்கறப்ப கம்பி நீளறது இல்ல, வளைஞ்சு வளைஞ்சு போற கம்பிகள் ஒண்ணு மேல ஒண்ணு போய் நல்லா உக்காருது. உக்காந்ததும் நிறுத்தணும். ஒரு கண்ணோட ரெண்டு கம்பியை விரலால அழுத்திப் பாருங்க, ஒரு 6 மி.மீ அளவுக்கு விட்டுக் குடுத்தா போதும். தொளதொளன்னு இன்னும் சேர்ந்து வந்தா இன்னும் இழுக்கணும், அசையவே இல்லன்னா அதிகமா இழுத்துட்டீங்க. அதுக்கும் மேல போனா கண்ணு நீளவாக்குல இழுபட்டு வலையோட உயரம் குறையும், ஆறடி வலை ஆறடி இருக்காது, மேல லைன் கம்பி தனியா நிக்கும். அப்புறம் கடையில அளவு ஏமாத்திட்டாங்கன்னு சண்டைக்குப் போவீங்க.

இதுக்குத்தான் வண்டி கட்டி இழுக்காதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன். புல்லர்ல ஒரு பல் ஒரு பல்லா இழுப்பு ஏறும், கைக்குத் தெரியும். வண்டியில ஓட்டுறவருக்கு என்ன தெரியும், கிளட்ச்சை விட்டா போச்சு. நான் சேர்ந்து வேலை பார்த்த ஒரு தளத்துலயே நடந்தது, நான் தொழிலுக்கு வந்த புதுசு. வண்டி இழுத்துட்டு இருக்கு, கொக்கி நிமிந்து விட்டுடுச்சு, பட்டை திரும்பி விசிறி பக்கத்துல நின்ன பையனோட கன்னத்தைக் கிழிச்சுது, கண்ணுக்கு ஒரு விரக்கடை கீழ. பையன் தப்பிச்சான். அன்னைக்கு நான் போட்ட ரூல் இன்னைக்கு வரைக்கும், இழுக்கறப்ப இழுப்புக் கோட்டுல யாரும் நிக்கக் கூடாது, நான் உட்பட. பக்கவாட்டுல நில்லுங்க. கண்ணாடி போடுங்க, தோல் கையுறை போடுங்க, "பழக்கம்தான் அண்ணே"ன்னு சொல்ற ஆளுதான் தையல் போட்டுட்டு வருவான். ரோலைப் பிரிக்கறப்பவும் கட்டை வெட்டுனதும் அது சுருள் மாதிரி துள்ளும், குழந்தைகளைப் பக்கத்துலயே விடாதீங்க.

சரியான இழுப்பு வந்ததும் முனைக்கால் பக்கம் எந்தக் கண்ணு வருதோ அங்க பட்டையை விட்டு கிளாம்பை முறுக்கிட்டு அப்புறமா புல்லரை மெதுவா விடுங்க. மிச்ச வலையை கட்டர் வெச்சு மேல இருந்து கீழ கடகடன்னு வெட்டாதீங்கப்பா. ஒரே ஒரு கம்பியோட மேல் மடிப்பையும் கீழ் மடிப்பையும் நிமித்தி விட்டுட்டு அந்தக் கம்பியைத் திருகிட்டே உருவினா வலை ரெண்டா அழகா பிரிஞ்சிடும். ரெண்டு ரோலைச் சேர்க்கறதும் இப்படித்தான், உருவுன கம்பியைத் திருகித் திருகி உள்ள விடணும். சேர்த்த இடம் தெரியவே தெரியாது. கட்டுக்கம்பியால தைக்கிறவங்க தைச்சுக்கங்க, நான் ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம்தான் நடுக்கால்களுக்குக் கட்டு, அடிக்கு ஒண்ணு, கம்பி முனையை உள்பக்கமா மடக்கி.

ஜிஐ வலையை, அதாவது துத்தநாகம் பூசுன இரும்பு வலையை, இரும்புக் காலோட வெல்டிங் வெச்சுட்டா நிரந்தரம்னு ஒரு கூட்டம் இருக்கு. வெல்டிங் பட்ட இடத்துல துத்தநாகப் பூச்சு எரிஞ்சு போயிடும், துரு அங்கதான் முதல்ல வரும், அந்தப் புகையை மூடுன இடத்துல சுவாசிச்சா அன்னைக்கு ராத்திரி குளிர் காய்ச்சல் வேற.

வாங்கறப்ப ஒண்ணு. கம்பியோட தடிமனைக் கேஜ் நம்பர்லதான் சொல்வாங்க, அந்த நம்பர் கூடக்கூட கம்பி மெலிசு. 10 கேஜ் 3.25 மி.மீ, 12 கேஜ் 2.64 மி.மீ. "12 போடறேன் சார் 10-ஐ விடப் பெருசு"ன்னு சொன்னா சிரிச்சுட்டு வெளிய வந்துடுங்க. பிளாஸ்டிக் பூச்சு வலையில பூச்சோட சேர்த்து அளந்து காட்டுவாங்க, உள்ள இருக்கிற கம்பி எவ்வளவுன்னு கேளுங்க, தடிமன் அளக்கற வெர்னியர் கொண்டு போங்க. குழி தோண்டற முன்னாடி கீழ கேபிள், தண்ணி பைப் போகுதான்னு விசாரிக்கணும், நிமிந்து மேல கரண்ட் கம்பியையும் பாருங்க, நீளமான பைப்பைத் தூக்கி நிறுத்தறப்ப அது நினைவுக்கு வராது.

கடைசியா ஒரு கெஞ்சல். வேலி முடிஞ்சு நான் கிளம்புன மறு வாரமே மறைப்புக்குன்னு பச்சை வலைத்துணியையோ பேனரையோ முழுசா கட்டி விடாதீங்க. இது காத்து உள்ள புகுந்து போற வேலின்னு கணக்குப் பண்ணி நட்ட கால். துணி கட்டுனா அது பாய்மரம். ஒரு பெரிய காத்துல வரிசையா சாஞ்சு கிடந்த வேலியைப் பார்த்திருக்கேன், கான்கிரீட்டோட பெயர்ந்து. மறைப்பு வேணும்னா முதல்லயே சொல்லுங்க, காலை நெருக்கி, ஆழமா, தடிமனா போட்டுத் தர்றேன். அப்புறம் வேலை முடிஞ்ச இடத்துல வெட்டுன கம்பித் துண்டு ஒண்ணு விடாம பொறுக்குங்க, ஒரு காந்தத்தைக் கயித்துல கட்டி புல்லு மேல இழுத்துட்டுப் போனா பாதி வேலை முடிஞ்சுது, இல்லன்னா அது ஆட்டு வயித்துலயோ உங்க டயர்லயோதான் கிடைக்கும்.