மார்கழி பிறந்தும் மா பூக்கவில்லையா? யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள்

"மார்கழி பொறந்தாச்சு, ஒரு பூவக் காணலியே சார். தண்ணி விட்டு யூரியா போடட்டுமா?" வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் வருஷா வருஷம் இப்படித்தான் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி.

கொடைக்கானல் பேரிக்காய் குளிரில் இலை உதிர்த்து உறங்கி எழுந்து பூக்கும். மாவுக்கு அந்த உறக்கம் கிடையாது. கிளை நுனி மொட்டு பூவாகுமா, கொழுந்தாகுமா என்பது அது உடையத் தொடங்கும் நாட்களில்தான் முடிவாகிறது. அப்போது இரவில் நல்ல குளிர் இருந்தால், முற்றிய இலைகள் அதை உணர்ந்து மொட்டுக்குப் பூக்கச் சொல்லி அனுப்பும். இரவு வெதுவெதுப்பாக இருந்து மண்ணிலும் ஈரம் நின்றால் கொழுந்துதான் வரும். சில நேரம் ஒரே கொத்தில் இலையும் பூவும் கலந்தே வரும்.

நம் சமவெளியில் இரவு வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோப்புகளுக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுப்பினை. குளிர் குறைகிற இடத்தில் இலையின் வயதும் மண் ஈரமின்றிக் காய்ந்து கிடப்பதும்தான் கைகொடுக்கும். 2023 டிசம்பர் 17, 18 மாதிரி மார்கழித் தொடக்கத்தில் கொட்டித் தீர்த்தால் அந்தக் காய்ச்சலும் போய்விடும். அதற்கு மேல் நாமும் தண்ணீர் பாய்ச்சி யூரியாவும் போட்டால், கொழுந்தை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான்.

ஆகவே முதலில் கிளை நுனியைப் பாருங்கள். இலை கரும்பச்சையாக, மடக்கினால் மொடமொடவென்று ஒடிகிறதா? மொட்டு தடித்திருக்கிறதா? அப்படியானால் பொறுத்திருங்கள். இலை செம்பு நிறத்தில் துவண்டு தொங்கினால் அந்தக் கிளை இப்போதைக்குப் பூக்காது. எந்த மருந்தும் அதைப் பூக்க வைக்காது. பூப்பைத் தூண்ட ஊற்றுகிற கல்டாரும் (பாக்லோபுட்ரசால்) அப்படித்தான். அது செப்டம்பர் முதல் பாதியிலேயே வேரில் ஊற்ற வேண்டிய மருந்து. மார்கழியில் ஊற்றிவிட்டு அந்த வருஷப் பூவுக்குக் காத்திருப்பது வீண் செலவு. முற்றிய இலையோடு பிப்ரவரி வரை பூக்காத மரத்துக்கு, லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கலந்து இலை நனையத் தெளிக்கலாம்.

பூ வந்த பிறகும் வானிலையைக் கவனியுங்கள். பனியும் மூட்டமும் சேர்ந்தால் சாம்பல் நோய் வரும்; நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். பூ முழுக்க விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பதில் ஈக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பிஞ்சு பட்டாணி அளவு ஆன பிறகு தண்ணீர் விடுங்கள்.