கோபுரம் எங்கே போனது?

பினாங்கிலிருந்து பாலத்தைக் கடந்து வடக்கே போனால், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்போது மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள மெர்போக் வந்துவிடும். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை காடு போர்த்தி நிற்கிறது. அதன் அடிவாரத்தில், ஓடையோரம், பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகள், அதாவது பழங்கோயில்கள். இந்தக் கெடாதான் கடாரம், இராஜேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த இடம் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த நம்மவர்கள் பலர் அங்கே வேனை விட்டு இறங்கியதும், "இவ்வளவுதானா?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு கல்மேடை, சில படிகள், வரிசையாகத் தூண் தாங்கும் கற்கள். தஞ்சைப் பெரிய கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் முகம் வாடத்தான் செய்யும்.

மேலே இருந்த பகுதி எங்கே போனது என்பதற்கு அந்தத் தூண்கற்களே விடை சொல்கின்றன. அங்குள்ளவற்றில் பெரியதான புக்கிட் பத்து பகாட் சண்டியின் மண்டபத்தில் குனிந்து பாருங்கள். கல்லின் நடுவே குழி வெட்டியிருக்கிறது. அதில் நின்றது மரத்தூண். கருவறைக்கு மேலும் மண்டபத்துக்கு மேலும் இருந்தது மரக்கூரை. ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரை இந்தப் பள்ளத்தாக்கில் கட்டப்பட்ட கோயில்களில் கல்லும் செங்கல்லும் பெரும்பாலும் அடித்தளத்தோடு நின்றுவிட்டன. மற்றதைக் காடு தின்றுவிட்டது.

தின்றது என்பதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். மரத்தின் உறுதிக்குக் காரணம் செல்லுலோஸ் இழைகளும் அவற்றைப் பிணைத்து வைக்கும் லிக்னினும். லிக்னினை உடைப்பது எளிதல்ல. வெண்ணிற அழுகலை உண்டாக்கும் பூஞ்சைகளால் அது முடியும். பூஞ்சை பிணைப்பைத் தளர்த்த, கறையான் வந்து செல்லுலோஸைத் தின்கிறது. அதைச் செரிக்கும் வேலையைக் கறையானின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆண்டு முழுவதும் 27 டிகிரியை ஒட்டிய வெப்பம், ஓயாத ஈரம், குளிர்காலம் என்ற இடைவேளையே கிடையாது. செங்கால் போன்ற வைரம் பாய்ந்த மரம்கூட இந்த நிலத்தில் பல நூறு ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது கடினம்.

இதே மழைதான் ஒரு கல்லையும் செய்து கொடுத்தது. பூஜாங்கின் சில சண்டிகள் செம்புராங்கல்லால் ஆனவை. வெப்பநாட்டு மழை பல்லாயிரம் ஆண்டுகளாக மண்ணிலுள்ள சிலிக்காவையும் கரையும் உப்புகளையும் கழுவிக்கொண்டு போக, எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கி இந்தக் கல்லாகின்றன. நிலத்துக்கடியில் ஈரமாக இருக்கும்வரை அதை மண்வெட்டியாலேயே வேண்டிய அளவுக்கு வெட்டலாம். வெயிலும் காற்றும் பட்டுக் காய்ந்தால் அதிலுள்ள இரும்பு ஆக்சைடு படிகமாக இறுகுகிறது. பிறகு மழையில் எத்தனை முறை நனைந்தாலும் பழைய மென்மை திரும்பாது. சூளையும் வேண்டாம், சிற்பியும் வேண்டாம். அப்படிப்பட்ட நாட்டில் அடித்தளத்துக்கு இந்தக் கல்லையும் மேலே மரத்தையும் வைத்தவர்களை ஏழைகள் என்று நினைப்பது அறியாமை. பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி அழிந்ததற்கு மழையோ கறையானோ காரணமல்ல. 2013-இல் வீட்டுமனைக்காக நிலத்தைச் சமப்படுத்தும் இயந்திரம் அதை முடித்து வைத்தது.

கல்லைக் காடு சும்மா விடுவதில்லை என்பதைப் பார்க்க மெர்போக் வரை போகவேண்டியதில்லை. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஆளில்லாத பழைய கடைவீடு ஒன்றை அண்ணாந்து பாருங்கள். மாடிச் சுவரின் வெடிப்பில் ஓர் அரசோ ஆலோ தலைநீட்டும். மைனாவோ வௌவாலோ எங்கேயோ பழம் தின்று, மணலைவிடப் பெரிதில்லாத விதையை எச்சத்தோடு அங்கே விட்டுச் சென்றிருக்கும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள். முளைக்க அது போதும்.

முதலில் நூல்போல ஒரு வேர் இணைப்புகளுக்குள் நுழைகிறது. அப்போது அதற்கு வலிமை இல்லை; இருக்கும் வழியைத்தான் தேடிப் போகிறது. சேதம் பிறகு வருகிறது. வேர் ஆண்டுதோறும் பருக்கிறது, உயிரணுக்களுக்குள் நிரம்பும் நீர் சுவர்களை வெளியே தள்ளுகிறது. வளரும் வேர் தரக்கூடிய அழுத்தம் 5 முதல் 10 வளிமண்டலம் வரை போகும். கார் டயரில் நாம் அடைக்கும் காற்று ஏறக்குறைய 2 தான். செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும். உள்ளிருந்து பிளப்பதைத் தாங்காது.

ஆல் இனத்தின் தொங்கும் வேர்களில் இன்னொரு வேலையும் நடக்கிறது. காற்றில் ஆடிக்கொண்டிருந்த வேர் மண்ணைத் தொட்டு ஊன்றியதும் அதற்குள் சிறப்பு இழைகள் உருவாகிச் சுருங்குகின்றன. தளர்ந்திருந்த வேர் விறைத்துக்கொள்கிறது. உரசும் இடத்தில் ஒரு வேர் இன்னொன்றோடு ஒட்டி வளர்ந்து வலையாகிறது. இதனால்தான் சுவரைப் பிளந்த அதே மரம் பின்னாளில் அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டும் நிற்கிறது. கம்போடியாவில் அங்கோரின் தா புரோம் கோயிலில் சில மரங்களை வெட்டாமல் விட்டிருப்பது அழகுக்காக மட்டுமல்ல.

காட்டுயிர் பார்க்க வந்தவர்களுக்கும் இந்த மரம்தான் விலாசம். ஆலும் அரசும் அத்தி இனம்தான். "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை" என்பார்கள். விலங்கியல்படியும் அது சரிதான். காய்க்குள் நுழையும் பெண் குளவி இறகை இழந்து, பூக்களுக்கு மகரந்தம் கொடுத்து, முட்டையிட்டு அங்கேயே சாகிறது. அதன் மகள்கள் மகரந்தத்தோடு வெளியேறி, ஓரிரு நாள் ஆயுளுக்குள் காய்க்கும் இன்னொரு மரத்தைப் பிடித்தாகவேண்டும். எல்லா மரங்களும் ஒரே பருவத்தில் காய்த்தால் குளவி இனமே அற்றுப்போகும். ஆகவே ஆண்டு முழுக்க எங்கேயாவது ஒரு மரம் பழுத்திருக்கிறது. உலகில் 1,200-க்கும் மேற்பட்ட பறவை, பாலூட்டி இனங்கள் அத்தி இனப் பழங்களைத் தின்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஜெராயிலும் சரி, பினாங்கின் கொடிமலையிலும் சரி, பாதையெல்லாம் அலைவதைவிடப் பழுத்த மரம் ஒன்றைக் கண்டு அதற்குக் கீழே காலையில் உட்கார்வது மேல். இருவாச்சி வரலாம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள இலைக்குரங்கு வரலாம். நீண்டவால் குரங்கு அழைக்காமலே வரும், பையை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சுவரில் முளைத்ததை விரலளவு இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். வளர்ந்த மரத்தை மேலே மட்டும் வெட்டினால் மறுபடி தழைக்கும். மருந்திட்டுக் கொன்றாலோ, உள்ளே வேர் அழுகிக் குழியாகி, அதுவரை நின்ற சுவர் சரியும். விவரம் தெரிந்த கொத்தனார்கள் சுவரைப் பகுதி பகுதியாகப் பிரித்து வேரை எடுத்துவிட்டு, சுண்ணாம்புச் சாந்தாலேயே மறுபடி அடைக்கிறார்கள். சிமெண்ட் மலிவுதான், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அது பழைய செங்கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் வெளியே விடாது. அடைத்த இடம் அப்படியே இருக்க, பக்கத்துச் செங்கல் உதிரத் தொடங்கும்.