அதே பெயர், அதே ஆள்தானா?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “எனக்கு அறுவைச் சிகிச்சை செய்யப்போகும் மருத்துவரின் பெயரைப் பொதுப் பதிவேட்டில் தேடினேன். அதே பெயர், அதே இனிஷியலோடு இன்னொரு பதிவு வந்தது. அதில் உரிமம் இடைநிறுத்தப்பட்டதாக இருக்கிறது. படித்த கல்லூரியும் ஒன்றே. பட்டம் பெற்ற ஆண்டு மட்டும் வேறு. இருவரும் ஒரே ஆளா, இல்லையா? இதைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்?”

கவலையோடு கேட்ட கேள்வி. இதற்குப் பதிலாக ஒரு கணக்கு இருக்கிறது. புள்ளியியலில் என் மனதுக்கு மிக நெருக்கமான கணக்கும் அதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

உலகத்தில் ஆட்கள் அதிகம், பெயர்கள் குறைவு. தென்கொரியாவில் 2015 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐந்தில் ஒருவருக்குக் கிம் என்பதே குடும்பப்பெயர். சீனாவில் வாங், லி என்ற குடும்பப்பெயர்கள் ஒவ்வொன்றையும் சுமார் 10 கோடிப் பேர் வைத்திருக்கிறார்கள். 23 பேர் கூடினாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பெயரில் ஒற்றுமை அதைவிட எளிதாக நேரும், ஏனென்றால் பிறந்தநாள்கள் ஆண்டு முழுவதும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருக்கின்றன, பெயர்களோ சிலவற்றிலேயே குவிந்து கிடக்கின்றன.

தொழில் உலகம் இதை ஆளுக்கொரு விதமாகச் சமாளித்துவந்திருக்கிறது. ஹாலிவுட் நடிகர் மைக்கேல் கீட்டனின் இயற்பெயர் மைக்கேல் டக்ளஸ். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நடிகர் இருந்ததால் இவர் மாற்றிக்கொண்டார். மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் நடுவில் ஒரு ‘ஜே’ சேர்த்துக்கொண்டதற்கும் காரணம் இதுவே. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனை எல்லோருக்கும் தெரியும். எந்திரக் கற்றலில் உலகறிந்த பேராசிரியர் ஒருவருக்கும் அதே பெயர். அவருடைய கட்டுரைகளில் மைக்கேல் ஐ. ஜோர்டன் என்றிருக்கும். இங்கே ஒரே ஓர் எழுத்து இரண்டு வாழ்க்கைகளைப் பிரித்துக் காட்டுகிறது.

ஆனால் பதிவேட்டில் பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்ல முடியாது. போதாக்குறைக்குப் பதிவேடுகளே தகவலைச் சுருக்கிவிடுகின்றன. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் மாபெரும் தொகுப்பான மெட்லைன் 2002ஆம் ஆண்டிலிருந்துதான் ஆசிரியர்களின் முழுப்பெயரைப் பதியத் தொடங்கியது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் குடும்பப்பெயரும் இனிஷியலும் மட்டுமே. ‘ஒய். வாங்’ என்று இருந்தால் அது யாராகவும் இருக்கலாம்.

1946இல் அமெரிக்காவின் பிறப்பு இறப்புப் புள்ளியியல் அலுவலகத் தலைவராக இருந்த ஹால்பர்ட் டன் இந்தச் சிக்கலை ஒரு புத்தகமாகப் பார்த்தார். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு வாழ்க்கைப் புத்தகம் உண்டு. முதல் பக்கம் பிறப்பு, கடைசிப் பக்கம் இறப்பு. நடுவிலுள்ள பக்கங்களோ வெவ்வேறு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி ஒன்றாகத் தைப்பதற்கு அவர் வைத்த பெயர்தான் பதிவு இணைப்பு.

தைப்பது எப்படி என்று காட்டியவர் ஒரு மரபியலாளர். கனடாவின் சாக் ரிவர் அணுசக்தி ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹோவர்ட் நியூகோம், கதிர்வீச்சு அடுத்த தலைமுறையைப் பாதிக்குமா என்று அறிய விரும்பினார். அதற்குக் குடும்பங்களின் தொடர்ச்சி தெரிய வேண்டும். எனவே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் பிறப்புப் பதிவுகளை அந்தப் பெற்றோரின் திருமணப் பதிவுகளோடு கணினியால் இணைத்தார். 1959இல் ‘சயின்ஸ்’ இதழில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய கட்டுரையில் ஒரு எளிய உண்மை இருந்தது: அரிய பெயர் பொருந்தினால் அது பெரிய சான்று, பரவலான பெயர் பொருந்தினால் அது சிறிய சான்று. சொன்னால் எல்லோரும் ஒப்புக்கொள்வோம். எத்தனை மடங்கு பெரிது என்று எண்ணாகச் சொன்னதுதான் அவருடைய சாதனை. பத்து ஆண்டுகள் கழித்து, 1969இல், இவான் ஃபெலெகி, ஆலன் சன்டர் என்ற இருவர் அதை முழுமையான கோட்பாடாக்கினார்கள்.

இனி அந்தக் கணக்கு. வாசகியின் இரண்டு பதிவுகளையும் அருகருகே வையுங்கள். பெயர், இனிஷியல், கல்லூரி, ஆண்டு என்று ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: இவை உண்மையிலேயே ஒரே ஆளின் பதிவுகள் என்றால், இந்தக் கட்டம் பொருந்துவதற்கு வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு நூறு என்று சொல்லிவிட முடியாது. தட்டச்சில் பிழை வரும், எழுத்துக்கூட்டல் மாறும், திருமணத்துக்குப் பின் சிலர் பெயரை மாற்றிக்கொள்வார்கள். 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இதை ‘எம்’ என்பார்கள்.

இரண்டாம் கேள்வி: இவை இரண்டு வேறு ஆட்களின் பதிவுகள் என்றால், இந்தக் கட்டம் தற்செயலாகப் பொருந்துவதற்கு வாய்ப்பு எவ்வளவு? இது ‘யூ’. நூறில் ஒருவருக்கு இருக்கும் பெயர் என்றால் 1 சதவீதம். லட்சத்தில் ஒருவருக்கே இருக்கும் பெயர் என்றால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எம்மை யூவால் வகுத்தால் அந்தக் கட்டத்தின் சான்றுவலிமை கிடைக்கும். பரவலான பெயருக்கு 95 மடங்கு, அரிய பெயருக்கு 95,000 மடங்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படி ஒரு மடங்கு வரும். அவற்றை ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டே போக வேண்டும். பெருக்கல் கண்ணுக்குப் பிடிபடாது என்பதால் இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை எடுத்துவிடுகிறார்கள். உடனே பெருக்கல் கூட்டலாகிவிடுகிறது. 95 மடங்கு என்பது 6.6 புள்ளி, 95,000 மடங்கு என்பது 16.5 புள்ளி. ஒரு புள்ளி கூடினால் வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று பொருள். தராசுத் தட்டில் எடைக்கல் வைப்பதுபோல் வைத்துக்கொண்டே போகலாம்.

வாசகியின் மருத்துவரை ஏற்றுவோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. பெயர் பரவலானது: 6.6. பத்தில் ஒருவருக்கு வரும் இனிஷியல், எம் 90 சதவீதம்: 3.2. கல்லூரி இருநூறில் ஒன்று: 7.6. பட்டம் பெற்ற ஆண்டு நாற்பதில் ஒன்று. அது பொருந்தியிருந்தால் 5.2 சேர்ந்து, மொத்தம் 22.6 ஆகியிருக்கும்.

22.6 போதுமா? இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பதிவேட்டில் ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஒரு பதிவு நம் மருத்துவருடையதாக இருக்க லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். தராசு தொடக்கத்திலேயே 16.6 புள்ளி எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. பெயர் மட்டும் பொருந்தினால் 6.6 போக இன்னும் 10 புள்ளி பள்ளத்தில் இருக்கிறோம். இரண்டின் பத்தாம் அடுக்கு 1,024. அதாவது ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. யோசித்துப் பார்த்தால் சரிதானே? லட்சம் பேரில் நூறுக்கு ஒருவர் என்றால் அந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அரிய பெயர் என்றாலோ 16.5 வந்து பள்ளத்தை ஏறக்குறைய நிரப்பிவிடும், பெயர் ஒன்றை வைத்தே பாதிக்குப் பாதி சொல்லிவிடலாம். நான்கு கட்டமும் பொருந்திய 22.6இல் 16.6 போனால் மிச்சம் 6. இரண்டின் ஆறாம் அடுக்கு 64. ஒன்றுக்கு 64 என்ற விகிதத்தில் ஒரே ஆள்.

ஆனால் ஆண்டு பொருந்தவில்லையே. பொருந்தாத கட்டத்துக்கும் எடை உண்டு, எதிர்த் தட்டில். ஒரே ஆள் என்றால் ஆண்டு பொருந்தாமல் போக 5 சதவீத வாய்ப்புதான். வேறு ஆள் என்றால் 97.5 சதவீதம். இந்த விகிதம் கழித்தல் 4.3 புள்ளி. இப்போது கூட்டினால் 13.1, அதில் 16.6 போனால் கழித்தல் 3.5. பதினொன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வேறு ஆள். ஒரே ஒரு கட்டம் மாறியதும் 64க்கு ஒன்று என்று அந்தப் பக்கம் இருந்த தராசு இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. முதன்முதலில் இதைத் தாளில் போட்டுப் பார்த்த நாளில் எனக்கு உண்டான சிலிர்ப்பு இன்றும் குறையவில்லை.

எம்மும் யூவும் எங்கிருந்து வரும்? யூ எளிது, தொடர்பில்லாத பதிவுகளை ஜோடி ஜோடியாக எடுத்து எத்தனை முறை பொருந்துகின்றன என்று எண்ணினால் போதும். எம்முக்கு, எந்த ஜோடிகள் உண்மையில் ஒரே ஆளுடையவை என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் இந்த வேலையே தேவையில்லை. விதையா மரமா என்ற கதை. தீர்வு இப்படி: எம்முக்கு ஒரு மதிப்பை ஊகமாக வை. அதைக் கொண்டு ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஆளாக இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடு. அந்த வாய்ப்புகளை வைத்து எம்மைத் திருத்து. திருத்திய எம்மோடு மறுபடி தொடங்கு. சில சுற்றுகளில் எண்கள் அசையாமல் நின்றுவிடும். 1977இல் டெம்ப்ஸ்டர், லெயர்ட், ரூபின் மூவரும் பொதுவடிவம் கொடுத்த இந்த முறையை, 1980களின் இறுதியில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் வில்லியம் விங்க்லர் பதிவு இணைப்புக்குக் கொண்டுவந்தார். சரியான விடையை யாரும் காட்டித்தராமலே இது வேலை செய்கிறது. உண்மையான ஜோடிகளில் பல கட்டங்கள் சேர்ந்தாற்போல் பொருந்தும், தற்செயல் ஜோடிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொருந்தும். அந்த வேறுபாடே குவியலை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

எழுத்துக்கூட்டல் சிக்கலுக்குத் தனி வழிகள் உண்டு. 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை உயிரெழுத்துகளை உதறிவிட்டு, ஒலியில் நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண் கொடுக்கும். ராபர்ட், ரூபர்ட் இரண்டுமே அதில் ஆர்-163. ஆங்கிலப் பெயர்களுக்கு என்று செய்த சட்டை அது, நமக்குப் பொருந்தாது. ‘ழ’வை ரோமன் எழுத்தில் எழுதும்போது ஒருவர் ஒரு விதம், இன்னொருவர் வேறு விதம். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் பெயரில் எது குடும்பப்பெயர் என்று கேட்கும் படிவம் கேள்வியையே தவறாகக் கேட்கிறது. எண்கணிதம் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதனால் அதிர்ஷ்டம் வரும் என்பதற்குச் சான்று எதுவும் கிடையாது. உங்கள் சான்றிதழும் உரிமமும் இரண்டு வேறு ஆட்களுடையவையாகத் தெரியத் தொடங்கும் என்பது மட்டும் உறுதி.

பெயரை மட்டும் வைத்து முடிவெடுத்தால் என்ன நடக்கும்? அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனமான டிரான்ஸ்யூனியன், வாடிக்கையாளர்களின் பெயரை அரசின் பயங்கரவாதி, போதைக் கடத்தல்காரர் பட்டியலோடு ஒப்பிட்டது. முதற்பெயர், குடும்பப்பெயர் இரண்டும் ஒத்தாலே எச்சரிக்கை போட்டது. பிறந்த தேதியைப் பார்க்கவில்லை. வழக்கில் சேர்ந்தவர்கள் 8,185 பேர். 2021இல் உச்ச நீதிமன்றம், அறிக்கை வெளியாருக்குப் போய்ச் சேர்ந்த 1,853 பேருக்கு மட்டுமே இழப்பீடு கோரும் தகுதி உண்டு என்றது. பிறந்த தேதி என்ற இன்னொரு கட்டம் அந்த நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. அதைத் தராசில் ஏற்றாமல் விட்டதை என்னால் தொழில்நுட்பக் குறை என்று ஏற்க முடியவில்லை. அக்கறையின்மை என்றுதான் சொல்வேன். பரவலான பெயர் உள்ள சமூகங்களே இத்தகைய பிழையின் சுமையை அதிகம் தாங்குகின்றன.

எல்லோருக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால்? ஆய்வாளர்களுக்கு 2012 முதல் ஆர்க்கிட் என்ற 16 இலக்க எண் கிடைக்கிறது. அதன் கடைசி இலக்கம் காவலாளி. பிரவுன் பல்கலைக்கழகத்தின் கற்பனைப் பேராசிரியர் ஜோசையா கார்பெரிக்கு மாதிரியாக வழங்கிய எண் 0000-0002-1825-0097. முதல் 15 இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் இரண்டால் பெருக்கிக்கொண்டு வாருங்கள்: 4, 10, 36, 76, 162, 324, 648, 1314. அதைப் பதினொன்றால் வகுத்தால் மீதி 5. பன்னிரண்டில் ஐந்து போனால் 7. கடைசி இலக்கம் அதுவே. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தாலும், அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றி அடித்தாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எண் பிறக்கும் முன்பே எழுதிய பதிவுகள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றைப் பழைய தராசில்தான் நிறுத்தாக வேண்டும். புதிய இணையதளம் தொடங்கக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது பழைய பதிவேட்டைத் துப்புரவாக்கக் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அணு ஆய்வுக்கூடத்தில் ஒரு மரபியலாளரைத் திருமணப் பதிவுகளோடு உட்காரவைத்ததால் கிடைத்த பலனை உலகமே அனுபவிக்கிறது.

இனி வாசகியின் கேள்வி. ஃபெலெகியும் சன்டரும் தராசின் முடிவை மூன்றாகப் பிரித்தார்கள்: இணை, இணைக்காதே, நடுவில் மனிதர் பார்க்க வேண்டியவை. கழித்தல் 3.5 நடுப்பகுதிக்குள் வரும். கல்லூரியும் பெயரும் தனித்தனிச் சான்று என்று நான் கூட்டியதும் முழுச்சரி இல்லை. ஒரு வட்டாரக் கல்லூரியில் அந்த வட்டாரத்துப் பெயர்கள் கூடுதலாகவே இருக்கும், எனவே உண்மையான எடை இன்னும் கொஞ்சம் குறையும். அதே சமயம், வேறு பக்கம் சாய்க்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது: அந்த ஆண்டுகள் எந்தப் பட்டத்துக்கானவை? ஒரு பதிவில் இளநிலைப் பட்டத்தின் ஆண்டும், மற்றதில் முதுநிலைப் பட்டத்தின் ஆண்டும் இருந்தால் அது பொருந்தாமையே அல்ல, எதிர்த் தட்டிலிருந்து அந்தக் கல்லை எடுத்துவிட வேண்டும். இரண்டு பதிவிலும் பட்டத்தின் பெயரைப் பாருங்கள். பிறகு பதிவு எண்ணைப் பாருங்கள், இடைநிறுத்த உத்தரவில் அது இருந்தால் உங்கள் மருத்துவரின் சீட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுவிடலாம். உத்தரவில் எண் இல்லையென்றால் பதிவேட்டை நடத்தும் மன்றத்துக்கு எழுதிக் கேளுங்கள். பொதுப்பக்கத்தில் காட்டாத பிறந்த தேதி அவர்களிடம் இருக்கும்.