மெகாவாட் சரி, எந்த மாதம்?

தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுப்பது குமரி மாவட்டத்துக்குப் புதுக்கதை இல்லை. மேல்கோதையாறு அணையில் சேரும் தண்ணீர் மலைச்சரிவில் குழாய் வழியே இறங்குகிறது. முதல் பவர் ஹவுஸில் 60 மெகாவாட், அடுத்ததில் 40 மெகாவாட் என்று சுற்றிக் கொடுத்துவிட்டுப் பேச்சிப்பாறை அணைக்கு வருகிறது. இரண்டும் அரசு மின்வாரியம் கட்டியவை. 1970, 71-இல் ஓடத் தொடங்கியவை. அங்கே வேலை முடிந்த தண்ணீர்தான் அப்புறம் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு நெற்போகங்களுக்கும் வயலில் பாய்கிறது.

இப்போது பேச்சு தனியாரைப் பற்றியது. சிறு புனல்மின் திட்டங்களுக்குத் தமிழ்நாடு அரசு 2024-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது, தனியாரும் இறங்கலாம். பெரிய அணை வேண்டாம், காடு மூழ்காது, ஓடுகிற ஆற்றை வைத்தே மின்சாரம் என்பதுதான் இத்தகைய திட்டங்களுக்குச் சொல்லப்படும் நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

கணக்கு எளிது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, இந்த இரண்டின் பெருக்கலைப் பொறுத்ததுதான் மின்திறன். மொட்டைமாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டியை வினாடிக்கு ஒன்றாக 100 மீட்டர் உயரத்திலிருந்து கவிழ்த்துக்கொண்டே இருந்தால், இழப்பு போக 800 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். உயரம் கூடினால் தண்ணீர் குறைவாக இருந்தாலும் போதும். 500 மீட்டர் இறக்கத்தின் அடியில், குழாய் உராய்வைக் கழிக்காமல் பார்த்தால், தண்ணீர் மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பீறிட்டு டர்பைன் என்னும் சுழல்சக்கரத்தின் கிண்ணங்களில் அறையும். மலையாறுகள் மேல் எல்லோருக்கும் கண் விழுவது இதனால்தான்.

உயரம் வேண்டுமென்றால் தண்ணீரை ஆற்றை விட்டு வெளியே எடுத்தாக வேண்டும். மேலே ஒரு தடுப்புச் சுவர். அங்கிருந்து கால்வாயோ சுரங்கமோ தண்ணீரை மலையோரமாகச் சமமட்டத்தில் கொண்டுபோகும். மணல் படிய ஒரு தொட்டி, பிறகு செங்குத்தாக இறங்கும் பென்ஸ்டாக் குழாய், அடியில் பவர் ஹவுஸ். சுற்றி முடித்த தண்ணீர் ஆற்றில் திரும்பச் சேரும். ஒரு சொட்டும் வீணாகவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் எடுத்த இடத்துக்கும் விட்ட இடத்துக்கும் நடுவில் உள்ள ஆற்றில் என்ன ஓடும்?

அந்தத் துண்டில்தான் வழக்கே இருக்கிறது. மலையோடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் மணலும் சருகும் ஒட்டிக் கூடு கட்டிய புழுக்கள் இருக்கும். வயிற்றுப் பக்கம் உறிஞ்சு வட்டு உள்ள சிறு மீன்கள் பாறையைப் பற்றிக்கொண்டு பாசி மேயும். பாய்ச்சல் உள்ள, குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீருக்கென்றே அமைந்த உடம்புகள் இவை. ஓட்டம் குறைந்தால் தண்ணீர் சூடாகும், ஆக்சிஜன் குறையும், கயங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றுப் போகும். கர்நாடகத்தில் நேத்ராவதியின் கிளையாறுகளில் செய்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, இப்படித் திருப்பிவிட்ட பகுதிகளில் மீன்களின் கூட்டமைப்பே மாறிப்போனதைக் காட்டியது. டர்பைனை நிறுத்தி ஓட்டும்போது மட்டம் சட்டென்று ஏறி இறங்குவது இன்னொரு தொல்லை. குஞ்சுகள் கரைமேட்டில் மாட்டிக்கொள்ளும், குளிப்பவர்களுக்கும் ஆபத்து.

சரி, கொஞ்சம் தண்ணீரை ஆற்றிலேயே விட்டுவைக்கலாமே? விடலாம். கங்கையின் மேற்பகுதிக்கு மத்திய அரசின் 2018 அறிவிக்கை பருவத்தைப் பொறுத்து 20 முதல் 30 விழுக்காடு வரை விடச் சொல்கிறது. ஆனால் ஆற்றில் விடுகிற ஒவ்வொரு லிட்டரும் விற்காத மின்சாரம். நிறுவனத்தின் வருமானமும் ஆற்றின் ஓட்டமும் ஒரே மதகில் மோதுகின்றன. காட்டுக்குள் இருக்கும் அந்த மதகை ராத்திரியில் யார் போய்ப் பார்ப்பது?

எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி மாதம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள் கொழுத்துச் சுற்றுவது வைகாசி முதல் ஆவணி வரை. தென்மேற்குப் பருவத்தில் நம் ஆறுகள் பெருகுவதும் ஏறக்குறைய அப்போதே. தேக்கி வைக்க இடமில்லாத திட்டம், காற்று மின்சாரம் மலிந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஓய்ந்து ஆறு ஓடும். அது லாபம், ஒப்புக்கொள்ள வேண்டும். மாசி, பங்குனி வெயிலில் மின்விசிறிகள் நிற்காமல் ஓடும்போது ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான் இருக்கும். கோதையாறு அணையோ தண்ணீரைப் பிடித்து வைத்து, மாலை ஏழு மணி நெருக்கடிக்குத் திறக்க முடியும். அதன் மதிப்பே அதுதான்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதே சிக்கல் வந்தது. 2002 முதல், புதிய மின்சாரத்தைப் பெரும்பாலும் தனியாரிடம் நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்குவது என்று அரசு முடிவு செய்தது. அவற்றில் பல தேக்கமில்லாத ஆற்றோட்டத் திட்டங்கள். பனி உருகும் காலத்தில், அவ்வளவாகத் தேவைப்படாத நேரத்தில், மின்சாரம் குவிந்தது. அங்கே 50 மெகாவாட்டுக்குக் குறைந்தால் மாகாணச் சுற்றுச்சூழல் ஆய்வு கட்டாயமில்லை. ஆஷ்லு ஓடைத் திட்டத்தின் அளவு என்ன தெரியுமா? 49.9. நம் நாட்டில் மத்திய அரசின் 2006 அறிவிக்கைப்படி 25 மெகாவாட்டுக்குக் கீழே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. ஒரே ஆற்றில் வரிசையாக ஐந்து வந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்னதுதான். நம் மலைப்பகுதியில் பெரும்பங்கு காட்டுயிர் சரணாலயம் என்பதால் வனத்துறைப் படிகள் இருக்கின்றன, அது ஓர் ஆறுதல்.

சிறு திட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெருஞ்சாணி அணையில் 1.3 மெகாவாட் நிலையம் ஒன்று இருக்கிறது. பாசனத்துக்கு எப்படியும் திறந்துவிடும் தண்ணீர் போகிற வழியில் டர்பைனைச் சுற்றுகிறது; அதற்காக எந்த ஓடையும் புதிதாகக் காயவில்லை. தனியார் வருவதென்றால் இப்படிப்பட்ட அணை அடிவாரங்களுக்கும் கால்வாய் இறக்கங்களுக்கும் முதலில் வரட்டும். வயலுக்குத் தண்ணீர் நின்றால் அங்கே சுற்றும் நிற்கும், லாபமும் குறைவு. அந்த இடங்களுக்கு எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று பார்க்க எனக்கும் ஆவல்தான்.