பழத்தோட்டம், முந்திரித் தோப்பு போட மானியம்: தோட்டக்கலை இயக்கம் எப்படி நடக்கிறது

மா, முந்திரி, கொய்யா, நெல்லி என்று எதை வைத்தாலும் முதல் சில வருடங்களுக்குச் செலவு மட்டும்தான். கன்று வாங்க வேண்டும், குழி வெட்ட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், ஆடு மேயாமல் காக்க வேண்டும். ஒட்டு முந்திரி மூன்றாம் வருடத்தில் காய் காட்டத் தொடங்கும். மா சொல்லிக்கொள்கிற அளவுக்குக் காய்க்க அதைவிடப் பொறுக்க வேண்டும். நெல்லோ நிலக்கடலையோ போட்டால் நாலு மாதத்தில் ஏதோ ஒன்று கைக்கு வந்துவிடும் என்று இருக்கும்போது, இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் மரத்தின் பக்கம் திரும்பத் தயங்குவதில் ஆச்சரியமில்லை.

அந்த ஆரம்பச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. அதற்கான மத்திய அரசுத் திட்டத்தின் பெயர் ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கம். 2005-06ல் தேசிய தோட்டக்கலை இயக்கமாகத் தொடங்கியது. 2014-15ல் வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கான தனி இயக்கம், தேசிய தோட்டக்கலை வாரியம், தென்னை வளர்ச்சி வாரியம் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து இப்போதைய பெயரை வைத்தார்கள். ஊர்ப்பக்கம் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள்; அலுவலகத்திலும் புரிந்துகொள்வார்கள்.

பணம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம். ஆப்பிளும் வால்நட்டும் விளையும் இமயமலை மாநிலங்களிலும் வடகிழக்கிலும் இது 90க்கு 10. தமிழ்நாட்டில் தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை இதை நடத்துகிறது.

ஒவ்வொரு வருடமும் எந்த மாவட்டத்தில் எந்தப் பயிர், எத்தனை ஹெக்டேர் என்று ஒரு செயல்திட்டம் போடுகிறார்கள். கிருஷ்ணகிரிக்கு மா, கடலூர், அரியலூருக்கு முந்திரி, திண்டுக்கல்லில் ஆயக்குடி பக்கம் கொய்யா என்று அந்தந்த மண்ணுக்குப் பழகிய பயிருக்கே இலக்கு அதிகம் போகும். உங்கள் வட்டாரத்தின் இலக்கில் இல்லாத பயிரைக் கேட்டால், தகுதி எல்லாம் இருந்தும் அந்த வருடம் கிடைக்காது. நம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். உண்மையில் அந்தப் பயிருக்கு அந்த வட்டாரத்தில் அந்த வருடம் ஒதுக்கீடே இருந்திருக்காது. அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எனக்கு எவ்வளவு கிடைக்கும்?" அல்ல, "இந்த வருடம் நம்ம வட்டாரத்துக்கு என்னென்ன பயிர் வந்திருக்கு?"

மூன்று தவணை

புதிதாகத் தோட்டம் போடுவதற்கான உதவியைப் பரப்பு விரிவாக்கம் என்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, இவ்வளவு செலவாகும் என்று அரசே ஒரு மதிப்பீடு வைத்திருக்கிறது. அதில் 40 அல்லது 50 சதவீதம் மானியம். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்பது கணக்கில் வராது, அரசின் மதிப்பீடுதான் கணக்கு. 2014 விதிகளின்படி, சாதாரண இடைவெளியில், சொட்டுநீர் சேர்க்காமல் பழமரம் வைக்க மதிப்பீடு ஹெக்டேருக்கு 60,000 ரூபாய். மானியம் அதில் பாதி, 30,000. 2025ல் விதிகளைத் திருத்தி மதிப்பீடுகளைக் கூட்டியிருக்கிறார்கள். ஆனாலும் கணக்கு புரிய இந்தப் பழைய எண்ணே வசதியாக இருக்கிறது.

அந்த 30,000 ஒரே நேரத்தில் வராது. 2014 விதிகளில் அதை 60, 20, 20 சதவீதம் என்று மூன்று வருடத்தில் பிரித்துக் கொடுத்தார்கள். முதல் வருடம் 18,000, அடுத்த இரண்டு வருடமும் ஆறாயிரம் ஆறாயிரம். அந்த விதிகளின்படி இரண்டாம் தவணைக்கு 75 சதவீதக் கன்றுகள் உயிரோடு இருக்க வேண்டும், மூன்றாவதற்கு 90 சதவீதம். அதிகாரி வந்து எண்ணிப் பார்ப்பார், இடத்தின் குறியீட்டோடு படமும் எடுப்பார்.

என்னைக் கேட்டால், இந்தத் திட்டத்தின் உயிரே இந்த நிபந்தனைதான். கன்றைக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கிற திட்டம் என்றால், நட்ட படத்தோடு எல்லாம் முடிந்துபோகும். இங்கே பின்னால் வரும் 40 சதவீதம் மரம் நிற்பதைப் பொறுத்தது. பத்துக்குப் பத்து மீட்டரில் மா வைத்தால் ஹெக்டேருக்கு 100 கன்று. அதில் முப்பது கோடையில் கருகிப்போனால் இரண்டாம் தவணை சிக்கலாகிவிடும். செத்த கன்றின் குழியை அப்படியே விட்டுவைக்காமல் அடுத்த மழைக்கே வேறு கன்று வைத்துவிட வேண்டும். எண்ணிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. நான்கு வருடம் கழித்து அந்த இடத்தில் கன்று வைத்தால் சுற்றியிருக்கும் மரங்களின் நிழலில் அது தேறாது.

இன்னொன்று. தமிழ்நாட்டில் முதல் தவணையின் பெரும்பகுதி பணமாக வராது, கன்றாகவும் இடுபொருளாகவும் வரும். அரசு தோட்டக்கலைப் பண்ணைகளிலிருந்து ஒட்டுக் கன்றும் பதியன் கன்றும் கொடுப்பார்கள். "கையில ஒன்னும் வரலையே" என்று குழம்ப வேண்டாம். ஆனால் வந்த கன்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளவும் வேண்டாம்.

கன்று சரியாக இருந்தால்தான் மற்றதெல்லாம்

மரப்பயிரில் தப்பான கன்றை வைத்தால், தப்பு என்று தெரியவே நாலைந்து வருடம் ஆகிவிடும். அதற்குள் திட்டத்தின் தவணைகள் எல்லாம் முடிந்திருக்கும். அதிகாரி எண்ணிப் பார்ப்பது உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும். காய்க்குமா, என்ன ரகம் என்பது உங்கள் கவலை. அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒட்டுக் கன்று என்றால் ஒட்டுச் சேர்ந்த இடம் வெடிப்பில்லாமல் நன்றாக மூடியிருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே தளிர் விட்டிருந்தால் அது வேர்ச்செடியின் தளிர். அதைக் கிள்ளாமல் விட்டால் மேலே இருக்கும் நல்ல ரகம் நலிந்து, கீழே இருப்பது மரமாகிவிடும். நட்ட பிறகும் முதல் வருடம் முழுக்க இதைக் கவனித்துக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பையில் வேர் சுருண்டு கிடக்கிறதா, ரகத்தின் பெயர் சீட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முந்திரியில் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ 3 போன்ற ரகங்களுக்குத் தேவை அதிகம். அந்தப் பெயரைச் சொல்லி எதையோ விற்பவர்களும் இருப்பார்கள். தனியார் நாற்றங்காலில் வாங்குவதானால் அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள், ரசீதும் வாங்கி வையுங்கள். மானியக் கணக்குக்கும் அது வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கல், கன்றிலேயே தொற்றி வரும் வைரஸ் நோய். மருந்து அடித்து அதைத் தீர்க்க முடியாது. இதற்காகவே 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 1,765.67 கோடி ரூபாயில் தூய நடவுப்பொருள் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நோயற்ற தாய்ச்செடிகளை உருவாக்கி நாற்றங்கால்களுக்குக் கொடுக்க நாடு முழுவதும் ஒன்பது மையங்கள் வரவேண்டும். மா, கொய்யா, வெண்ணெய்ப்பழம் மூன்றுக்கும் பெங்களூரு. திராட்சைக்குப் புனே, ஆரஞ்சு வகைகளுக்கு நாக்பூர், மாதுளைக்குச் சோலாப்பூர். இந்தத் திட்டமும் தோட்டக்கலை இயக்கத்தின் ஒரு பகுதிதான். தாய்ச்செடியிலிருந்து ஆரம்பிப்பதால் பலன் விவசாயியின் வயலுக்கு வந்து சேரக் காலம் பிடிக்கும்.

தண்ணீருக்குத் தனி மனு

சொட்டுநீருக்கு வேறு திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு, அதாவது ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர்களுக்கு, நுண்ணீர்ப் பாசனத்தில் 100 சதவீதம் மானியம். மற்றவர்களுக்கு 75 சதவீதம். மத்திய அரசுத் திட்டத்தின் விதிப்படி கிடைப்பது முறையே 55, 45 சதவீதம்தான். மீதியை மாநில அரசு கூடுதலாகப் போடுகிறது. தோட்டக்கலை இயக்கத்திலேயே சொட்டுநீரையும் சேர்த்த மானியம் ஒன்று உண்டு. ஆனால் அதில் 40 சதவீதம்தான். ஒரே வேலைக்கு இரண்டு திட்டத்தில் வாங்க முடியாது. அதனால் சிறு விவசாயி கன்றைத் தோட்டக்கலை இயக்கத்திலும், சொட்டுநீரை நுண்ணீர்ப் பாசனத்திலும் வாங்குவதுதான் லாபம். இரண்டு மனுவையும் ஒரே நேரத்தில் கொடுங்கள். கன்று வந்து குழாய் வராவிட்டால் கோடையைத் தாண்டுவது கஷ்டம்.

மரங்களை நெருக்கி வைக்கும் அடர் நடவுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சாதாரணமாக 7 மீட்டருக்கு 7 மீட்டர் வைத்தால் ஹெக்டேருக்கு 200 முந்திரி. 5க்கு 4 மீட்டரில் 500. மாவை 5க்கு 5 மீட்டரில் வைத்தால் 400. அடர் நடவுக்கு மானியம் கூடுதல் என்பதால் பலருக்கும் ஆசை வரும். மகசூல் சீக்கிரம் வரும் என்பதும் உண்மை. ஆனால் வருடா வருடம் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யாவிட்டால் ஏழெட்டு வருடத்தில் கிளைகள் பின்னிக்கொண்டு, வெயில் உள்ளே புகாமல், காய்ப்பு குறைந்துவிடும். கவாத்துக்கு ஆளும் அனுபவமும் இல்லாதவர்கள், மானியம் கூட என்பதற்காக மட்டும் அதில் இறங்க வேண்டாம்.

மனு, ஆவணம்

உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். துறையின் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக நகல், படம் ஆகியவை வேண்டும். சிறு, குறு விவசாயி என்றால் தாசில்தார் சான்று. சிட்டா இன்னும் தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் அதைச் சரிசெய்யவே மாதங்கள் ஓடிவிடும். மனு கொடுக்க நினைக்கும் முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

இலக்கு குறைவு, மனு அதிகம் என்பதால் நிதியாண்டின் தொடக்கத்திலேயே பதிவு செய்வது நல்லது. கன்று எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு, அதற்கு முன்பே குழி வெட்டி ஆறப்போடுங்கள். மழை முடிந்து மார்கழியில் கன்று கொடுத்தால், தண்ணீர் வசதி இல்லாதவர்கள் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

புதுத் தோட்டம் மட்டுமல்ல

வயதாகி, காய்ப்பு குறைந்த தோப்பு வைத்திருப்பவர்கள் புதுப்பித்தல் இனத்தைக் கேட்கலாம். மூப்படைந்த மரங்களைக் கழித்துக் கவாத்து செய்வது, செத்த இடத்தில் புதுக் கன்று வைப்பது, உரமிடுவது இதில் அடங்கும். 2014 விதியில் மதிப்பீடு ஹெக்டேருக்கு 40,000, மானியம் பாதி, ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரை. கொட்டை முளைத்து வந்த பழைய முந்திரித் தோப்புகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். உலகிலேயே முந்திரி பெரிதாக விளையும் நாடுகளில் ஒன்றாக இருந்தும், நம் ஆலைகளுக்குப் போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை இறக்குமதியாகிறது. புதுப் பரப்பு சேர்ப்பதைவிட இருக்கும் தோப்பைத் தேற்றுவது சீக்கிரம் பலன் தரும் என்பது என் எண்ணம்.

பண்ணைக்குட்டை, தேனீப் பெட்டி, சிப்பம் கட்டும் அறை, குளிர்பதனக் கிடங்கு போன்றவற்றுக்கும் உதவி உண்டு. கிடங்கு போன்ற பெரிய வேலைகளுக்கு வருவது பின்னேற்பு மானியம். முதலில் வங்கிக் கடன் வாங்கி வேலையை முடிக்க வேண்டும். மானியம் கடன் கணக்கோடு சேர்த்து வைக்கப்பட்டுக் கடைசியில் கழிக்கப்படும். கையில் ரொக்கம் வரும் என்று நம்பி வெளியில் வட்டிக்கு வாங்கி இறங்கியவர்கள் திண்டாடுவது இதில்தான். வேளாண் உள்கட்டமைப்பு நிதியில், 2 கோடி ரூபாய் வரையான கடனுக்கு 7 வருடம் வரை 3 சதவீத வட்டிச் சலுகை இருக்கிறது. அதையும் வங்கியில் சேர்த்துக் கேளுங்கள்.

தென்னை வைப்பவர்கள் கொச்சியில் தலைமையகம் உள்ள தென்னை வளர்ச்சி வாரியத்தின் வழியில் போக வேண்டும். புதுக் கன்றுக்கும் நோயுற்ற மரத்தை அகற்றி மறுநடவு செய்வதற்கும் அங்கே உதவி உண்டு. மரக் காப்பீட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. 4 முதல் 60 வயது வரையான காய்க்கும் மரங்களுக்குப் பிரீமியத்தில் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் கட்டுகின்றன. விவசாயி கட்டுவது கால் பங்கு. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூரில் முந்திரியையும் பலாவையும் சாய்த்ததையும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைத் தரையோடு படுக்கவைத்ததையும் பார்த்தவர்களுக்கு அந்தக் கால் பங்கு பெரிய செலவாகத் தெரியாது. தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போகும்போது இந்தப் படிவத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.